பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவருவதற்கு முன்

கேள்வி: நான் மதுரையில் படித்து வளர்ந்த மெக்கானிக்கல் என்ஜினியர். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், நடுத்தர அளவிலான ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் புதிய ரைடுகளைத் திட்டமிடும் குழுவில் வேலை பார்க்கிறேன். எழுபதுகளில் கட்டிய ஒரு மர ரோலர் கோஸ்டர் இங்கே இருந்திருக்கிறது. நான் வருவதற்கு வெகு முன்பே பிரித்துவிட்டார்கள். ஓடைக்கரையில் அந்த இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. பூங்காவின் ஆண்டு விழாவை ஒட்டி அங்கே ஒரு புதிய கோஸ்டர் வரப்போகிறது. மூத்தவர்கள் அதே பெயரில், அதே மாதிரி, மரத்திலேயே கட்ட வேண்டும் என்கிறார்கள். என் வயதுக்காரர்கள் இந்த வட்டாரத்திலேயே இல்லாத வேகத்தில் ஒரு லாஞ்ச் கோஸ்டர், அதாவது மெதுவாக மேட்டில் இழுக்காமல் ஒரே உந்தில் வேகமெடுக்கும் கோஸ்டர், கேட்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்டு அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. பழைய கோஸ்டரில் நான் ஏறியதே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்திரைப் பொருட்காட்சியில் அப்பாவோடு ஏறிய ராட்டினம்தான். இவர்களுடைய ஏக்கத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது? எந்தப் பக்கம் சாய்வது? கிடங்கில் பழைய வண்டி ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை வாசலில் வைக்கலாம் என்கிறார்கள். அது சரிதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் தயக்கத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பழைய கோஸ்டரில் ஏறாதது இந்த வேலைக்குக் குறையே இல்லை. ஏறி வளர்ந்தவர்கள், தங்களுக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக் கேள்வி கேட்காமலே அறிக்கை எழுதிவிடுவார்கள். நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். அது நல்லது.

அப்பாவோடு ஏறிய அந்த ராட்டினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயரம் எத்தனை அடி என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. கீழே ஆள் ஏற்றுவதற்காக நிறுத்தியபோது உங்கள் தொட்டி உச்சியில் நின்று ஆடியது நினைவிருக்கும். அப்பா கை எங்கே இருந்தது என்பதும் நினைவிருக்கும். உங்கள் பூங்காவுக்குச் சிறுவயதிலிருந்து வருகிறவர்களும் அப்படித்தான். அவர்கள் நினைவில் இருப்பது முழு இயந்திரம் இல்லை. ஒன்றிரண்டு இடங்களும், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதும்தான். அந்த இடங்கள் எவை என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் அறிக்கையின் முதல் வேலை. பழையதா புதியதா என்ற சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆகவே யாரிடமும் "அந்தக் கோஸ்டர் திரும்ப வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலை வைத்து ஒரு தூண்கூட நட முடியாது. எந்த வரிசையில் உட்கார்வீர்கள், யாரோடு ஏறினீர்கள், எந்த இடத்தில் கை தானாகக் கம்பியை இறுக்கியது, பகலில் பிடிக்குமா இரவிலா என்று கேளுங்கள். கடைசியாக இன்னொன்றையும் கேளுங்கள்: அது ஓடிய கடைசி வருடங்களில் ஏன் ஏறாமல் விட்டீர்கள்? இந்தக் கேள்விக்குத்தான் ஆட்கள் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். முதுகு வலித்தது, பிள்ளைக்கு உயரம் போதவில்லை, ஒரே ஒரு ரயிலை ஓட்டியதால் வரிசை நகரவே இல்லை என்று உண்மையான காரணங்கள் வெளியே வரும். இப்போது இருக்கும் ஏக்கத்தில் அந்த வலி மறந்துபோயிருக்கிறது. புதிய கோஸ்டர் திறந்து இரண்டாவது வருடம் அது திரும்ப நினைவுக்கு வரும்.

உங்கள் நிலைமைக்கு மிக அருகில் இருப்பது கான்சஸ் சிட்டியில் உள்ள வேர்ல்ட்ஸ் ஆஃப் ஃபன் பூங்காவின் கதை. 1973-இல் பூங்கா திறந்தபோதே ஸாம்பெஸி ஸிங்கர் என்ற கோஸ்டரும் வந்தது. ஜெர்மனியின் ஆன்டன் ஷ்வார்ஸ்கோப் செய்த எஃகு கோஸ்டர் அது. வண்டியைச் சங்கிலியால் மேட்டுக்கு இழுக்கும் சங்கிலி ஏற்றம் அதில் கிடையாது. வண்டி மின்சாரத்தில் சுழன்று சுழன்றே மேலே போகும். ஒருவர் பின்னால் ஒருவராகக் காலை நீட்டி உட்கார்ந்து போகிற வண்டி. 1997-க்குப் பிறகு அதை நிறுத்தி, கொலம்பியாவில் உள்ள ஒரு பூங்காவுக்கு விற்றுவிட்டார்கள். பூங்காவின் 50-வது ஆண்டில், 2023-இல், அதே பெயர் திரும்பி வந்தது. இந்த முறை கட்டியது கிரேட் கோஸ்டர்ஸ் இன்டர்நேஷனல். தாங்கும் சட்டகம் மரம். தடத்தில் சில பகுதிகள் மரம், சில பகுதிகள் எஃகு. வண்டி வேறு, வழி வேறு, செய்த நிறுவனமும் வேறு. ஆனால் அந்தச் சுழல் ஏற்றம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. ஷ்வார்ஸ்கோப்பின் கோஸ்டரை அச்சு அசலாக மறுபடி செய்ய அவர்கள் முயலவில்லை. வேறு எந்தக் கோஸ்டரிலும் கிடைக்காத எதை அந்தப் பழைய வண்டி தந்தது என்று பார்த்திருக்கிறார்கள். மலை ஏறுவதே ஒரு சுற்றலாக இருக்கும் அந்த அரை நிமிடம். அதைக் காப்பாற்றிவிட்டு, மற்றதை எல்லாம் இன்றைக்குத் தெரிந்த முறையில் செய்துவிட்டார்கள். அந்தப் பெயரை வைக்கும் உரிமையை அந்த ஏற்றம்தான் அவர்களுக்குக் கொடுத்தது என்பது என் எண்ணம்.

பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு சரக்கை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உங்கள் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சின்சினாட்டிக்கு அருகில் கிங்ஸ் ஐலண்டில் 1979-இல் திறந்த தி பீஸ்ட், 7,300 அடிக்கு மேல் நீளம். இன்றும் உலகின் மிக நீளமான மர கோஸ்டர் அதுதான். அதன் பலம் உயரத்தில் இல்லை. ஏற்ற மேடு 110 அடிதான். காட்டுக்குள், மண்ணின் மேடு பள்ளத்தை ஒட்டி ஓடுகிறது. அடுத்து என்ன வரும் என்று கண்ணுக்குத் தெரியாது. இரவில் ஏறினால் இருட்டும் மரங்களும்தான். இதை அறிந்தவர்கள் 2000-இல் அதே பூங்கா கட்டிய சன் ஆஃப் பீஸ்டைப் பார்த்திருந்தால் குழம்பியிருப்பார்கள். 218 அடி உயரம், மர கோஸ்டரின் நடுவே தலைகீழாகப் போகும் ஒரு வளையம். "மகன்" என்று பெயர் வைத்தார்கள். ஆனால் காடு இல்லை, ஒளிவு இல்லை, இருட்டு இல்லை. அப்பாவின் எந்தக் குணமும் அதில் இல்லை. 2006-இல் மரக் கட்டமைப்பில் ஒரு பகுதி சேதமாகி, ரயிலில் இருந்த இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். வளையத்தை எடுத்தார்கள், எடை குறைந்த ரயில்களைக் கொண்டுவந்தார்கள். 2009-க்குப் பிறகு அது ஓடவில்லை, 2012-இல் இடித்துவிட்டார்கள்.

அதே பூங்கா 2017-இல் மிஸ்டிக் டிம்பர்ஸ் கட்டியது. 109 அடி உயரம், மணிக்கு 53 மைல். காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் மரங்களுக்கு நடுவே தாழ்வாக, நிற்காமல், மேட்டுக்கு மேடு உடலை இருக்கையிலிருந்து தூக்கிக்கொண்டே ஓடுகிறது. பீஸ்டின் பெயரை அது கேட்கவில்லை. பீஸ்டின் உண்மையான வாரிசு அதுதான் என்பேன்.

இங்கே உங்கள் மூத்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரத்தில் கட்டினாலே பழையது திரும்பிவிடும் என்பது சரியில்லை. உங்கள் பூங்காவில் கோஸ்டர் கட்டிய எழுபதுகளில், மர கோஸ்டர் என்பதே பின்னோக்கிப் பார்க்கிற விஷயமாகத்தான் இருந்தது. 1959-இல் டிஸ்னிலாண்டின் மேட்டர்ஹார்ன் வந்து, எஃகுக் குழாய்த் தடத்தை உலகத்துக்குக் காட்டிய பிறகு, இனி மரம் எதற்கு என்ற எண்ணம் பரவியிருந்தது. பழைய மர கோஸ்டர்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. 1972-இல் கிங்ஸ் ஐலண்ட் திறந்தபோது, ஜான் ஆலன் வடிவமைத்த ரேஸர் அந்தப் பூங்காவில் மரத்தில் வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடம், இரண்டு ரயில், போட்டி. அதற்கு வந்த வரவேற்பைப் பார்த்துத்தான் மற்ற பூங்காக்கள் மறுபடி மரத்துக்குத் திரும்பின. உங்கள் பழைய கோஸ்டரும் அந்த அலையில் வந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் அதைக் கட்டியவர்களும் உங்கள் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டார்கள். ஒரு கோஸ்டர் புதிதாக வந்த அன்று எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் நாம் ஏங்க வேண்டும். அன்று அது பழசு இல்லை.

சரி, அப்படியே பெயர்த்து எடுத்துக் காப்பாற்றியவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் நோபெல்ஸ் என்று ஒரு குடும்பப் பூங்கா. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1947-இல் கட்டிய ராக்கெட் என்ற கோஸ்டர், அந்தப் பூங்கா மூடியபின் கேட்பாரில்லாமல் நின்றது. நோபெல்ஸ்காரர்கள் ஒவ்வொரு பலகைக்கும் அடையாளம் போட்டுப் பிரித்து, லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து, 1985-இல் ஃபீனிக்ஸ் என்று பெயரிட்டு மறுபடி ஓட்டினார்கள். 78 அடி உயரம்தான். துறையில் மதிக்கப்படும் கோல்டன் டிக்கெட் விருதில், சிறந்த மர கோஸ்டர் என்று 2018-இல் அதற்கு முதலிடம் கிடைத்தது. எழுபது வயதைத் தாண்டிய வடிவமைப்பு, தன்னைவிட இரண்டு மடங்கு உயரமானவற்றைத் தாண்டிப் போனது. இதை உங்கள் இளைஞர் குழுவுக்குப் படித்துக் காட்டுங்கள். உயரமும் வேகமும் ரசிப்பதற்கு ஒரு காரணம் மட்டுமே. மேட்டின் உச்சியில் உடல் எவ்வளவு நேரம் எடையில்லாமல் நிற்கிறது, அது எத்தனை தடவை நடக்கிறது என்பது இன்னொரு காரணம். ஃபீனிக்ஸ் அந்த இரண்டாவதில் ராஜா.

ஆனால் கவனியுங்கள். ஃபீனிக்ஸ் இருந்த கோஸ்டர். உங்களுடையது இல்லாத கோஸ்டர். பலகை இல்லை, தடம் இல்லை, கிடங்கில் ஒரு வண்டிதான் இருக்கிறது. வரைபடம் கிடைத்தாலும் அப்படியே கட்ட முடியாது. இன்று புதிதாகக் கட்டுவது, ஏஎஸ்டிஎம் என்ற தரநிர்ணய அமைப்பின் எஃப்2291 தரநிலைப்படி இருக்க வேண்டும். உடல் மீது எந்தத் திசையில் எவ்வளவு முடுக்கம் விழுகிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்ற தடுப்பு வைக்கச் சொல்கிறது அது. இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே கம்பி போட்டு, அதே மேட்டில் அதே வேகத்தில் தூக்கிப்போடுவது என்பது புதிய திட்டத்தில் கனவு. ஆகவே "அதே மாதிரி" என்ற சொல்லை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். நிறைவேற்ற முடியாத வாக்குறுதி அது.

பழைய தொழில்நுட்பத்தைத் திரும்ப உயிர்ப்பிப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. இதே நோபெல்ஸ், மரத் தொட்டிக்குள் தண்டவாளமே இல்லாமல் வழுக்கி ஓடும் ஃபிளையிங் டர்ன்ஸ் என்ற வகையைத் திரும்பக் கொண்டுவர நினைத்தது. அந்த வகை உலகத்திலிருந்தே மறைந்துபோயிருந்தது. 2006-இல் வேலை தொடங்கி, 2013-இல்தான் மக்கள் ஏறினார்கள். அதன் வண்டிகளைத் திரும்பத் திரும்ப மாற்றிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. சொந்தப் பூங்கா, பொறுமையான குடும்பம், குறிப்பிட்ட தேதி என்ற நெருக்கடி இல்லை. அதனால் முடிந்தது. உங்களுக்கோ ஆண்டு விழாத் தேதி இருக்கிறது.

இப்போது புதுமையின் பக்கம் வருவோம். புதுமை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை எங்கே வைப்பது என்பதில்தான் கருத்து இருக்கிறது. ஏறுகிறவரின் கண்ணுக்குப் படாத இடங்களில் அதைத் தாராளமாக வையுங்கள்.

இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் நெமெசிஸ் 1994-இல் வந்தது. அங்கே மரங்களின் உச்சியைத் தாண்டி எதுவும் கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததால், பாறையை வெடிவைத்துத் தோண்டி, பள்ளத்துக்குள் கோஸ்டரை இறக்கினார்கள். வடிவமைப்பாளர் ஜான் வார்ட்லியின் யோசனை. அந்தக் கட்டுப்பாடே அதன் அழகாகிவிட்டது. கால்கள் தொங்க, பாறைச் சுவரை உரசுகிற மாதிரி ஓடும். மூன்று பத்தாண்டு நெருங்கியபோது தடத்துக்கு வயதாகிவிட்டது. 2022 நவம்பரில் மூடி, பெரும்பாலான தடத்தையும் தூண்களையும் புதிதாகச் செய்து, அதே வழியில், அதே பள்ளத்தில் பொருத்தி, 2024 மார்ச்சில் நெமெசிஸ் ரீபார்ன் என்று திறந்தார்கள். எஃகில் பெரும்பகுதி புதிது. வளைவுகள் எல்லாம் பழையவை. ஒரு பூங்கா தன் செல்லப் பிள்ளைக்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது.

பீஸ்டுக்கும் இதைச் செய்தார்கள். 2022 சீசனுக்கு முன்னால் தடத்தின் ஒரு பகுதியைப் புதுப்பித்து, முதல் இறக்கத்தின் சரிவை 45 பாகையிலிருந்து 53 பாகைக்கு மாற்றினார்கள். அதற்காகப் பெயரை மாற்றவில்லை, மாற்றவும் தேவையில்லை.

மறுபக்கம், யாருமே ஏங்காத பழையதும் உண்டு. ஒஹாயோவில் உள்ள சீடர் பாயின்ட் பூங்காவின் மீன் ஸ்ட்ரீக் (Mean Streak) 1991-இல் பெரிய மர கோஸ்டராக வந்தது. முதல் இறக்கத்திலேயே பிரேக் வைத்து வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டிய நிலைக்குப் போயிற்று. குலுக்கல் தாங்காது. 2016-இல் நிறுத்தி, ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். மரச் சட்டகத்தை வைத்துக்கொண்டு அதன்மேல் எஃகுத் தடம் போட்டு, 2018-இல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்று திறந்தார்கள். 205 அடி, மணிக்கு 74 மைல், நான்கு இடங்களில் தலைகீழ். இங்கே பழைய பெயரைக் கைவிட்டது சரியான முடிவு. எலும்பு நல்லது, நினைவு நல்லதில்லை. உங்கள் பழைய கோஸ்டர் நெமெசிஸ் வகையா, மீன் ஸ்ட்ரீக் வகையா என்பதை உங்கள் மூத்தவர்கள் சொல்லி நம்பாதீர்கள். ஏறியவர்களிடமும், முக்கியமாக அதைப் பராமரித்தவர்களிடமும் கேளுங்கள். ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் நிச்சயம் அந்த ஊரில் இருப்பார். தினமும் காலையில் தடத்தின் மேல் நடந்து, தளர்ந்த ஆணியையும் நைந்த பலகையையும் பார்த்தவருக்கு எந்த வளைவு வருடா வருடம் தொல்லை கொடுத்தது என்று தெரியும். அந்த வளைவைத் திரும்பக் கட்டினால் தொல்லையையும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். அவரைச் சந்திக்காமல் அறிக்கையை முடிக்காதீர்கள்.

உங்கள் வயதுக்காரர்கள் கேட்கும் "இந்த வட்டாரத்திலேயே அதிக வேகம்" என்பதைப் பற்றி. சாதனை ஒரு விளம்பரத் தலைப்பு, அதற்கு ஆயுள் குறைவு. 2000 மே மாதம் சீடர் பாயின்டின் மில்லெனியம் ஃபோர்ஸ் 310 அடியில், முழுச் சுற்றுக் கோஸ்டர்களில் உலகிலேயே உயரமானதாகத் திறந்தது. ஆகஸ்டில் ஜப்பானின் ஸ்டீல் டிராகன் 318 அடியில் வந்து அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டது. பட்டம் போனாலும் மில்லெனியம் ஃபோர்ஸ் இன்றும் கூட்டத்தை இழுக்கிறது. ஈரி ஏரியின் நீலத்தைப் பார்த்துக்கொண்டே மேலே போய் அந்தப் பக்கம் விழுவது யாருக்கும் அலுப்பதில்லை. நியூ ஜெர்சியின் கிங்டா கா 2005-இல் 456 அடி, மணிக்கு 128 மைல் என்று வந்தது. 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். உங்களைப் போன்ற நடுத்தரப் பூங்காவுக்கு இந்தப் பந்தயம் வேண்டாம். பெரிய பூங்கா ஒன்று மூன்று வருடத்தில் உங்களைத் தாண்டினால் உங்கள் பலகையில் எழுதியது பொய்யாகிவிடும்.

முதல் மாதிரிக்கு முதல் வாடிக்கையாளராக இருக்கும் ஆபத்தும் இருக்கிறது. சீடர் பாயின்ட் தன் டாப் திரில் டிராக்ஸ்டரை மாற்றி அமைத்து, 2024 மே மாதம் டாப் திரில் 2 என்று திறந்தது. ஒரு வாரம் போலத்தான் ஓடியது. வண்டிகளில் சிக்கல், அந்த சீசன் முழுக்க மூடிக் கிடந்தது. 2025-இல்தான் மறுபடி ஓடியது. அவ்வளவு பெரிய பூங்கா, அத்தனை கோஸ்டர்கள், ஒரு சீசனைத் தாங்கிக்கொண்டது. உங்கள் பூங்கா ஆண்டு விழா வருடத்தில் அதைத் தாங்குமா என்று நிதித் துறையிடம் நேரடியாகக் கேளுங்கள்.

இரண்டு பக்கத்தையும் திருப்திப்படுத்த மர கோஸ்டரிலேயே லாஞ்ச் வைத்துவிடலாம் என்று யாராவது உங்கள் கூட்டத்தில் கட்டாயம் சொல்வார்கள். டென்னசியில் டாலிவுட் பூங்கா 2016-இல் லைட்னிங் ராட் என்று அதைத்தான் செய்தது. மேட்டின் மேல் வேகமாக உந்தி ஏற்றும் மர கோஸ்டர். ஓடிய நாட்களில் அற்புதமான கோஸ்டர்தான், ஆனால் அடிக்கடி நின்றது. 2021-க்குள் மரத் தடத்தில் பாதிக்கு மேல் எஃகாக மாற்றினார்கள். 2024-இல் லாஞ்சையே எடுத்துவிட்டுச் சங்கிலி ஏற்றம் வைத்தார்கள். அவர்கள் தைரியத்தை மதிக்கிறேன். அவர்கள் கொடுத்த விலையை நீங்கள் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை.

அப்புறம், இரண்டு பக்கமும் மறந்துபோகும் ஒரு விஷயம் உயரக் கட்டுப்பாடு. வேகமான லாஞ்ச் கோஸ்டர்களில் 52 அல்லது 54 அங்குலம் கேட்பது சாதாரணம். பீஸ்ட் 48 அங்குலம் கேட்கிறது. இந்த ஆறு அங்குலத்தில் ஒரு பிள்ளையின் இரண்டு மூன்று வருடங்கள் இருக்கின்றன. எழுபதுகளில் ஏறியவர் இன்று தாத்தா. பழைய பெயரைப் பார்த்து அவர் பூங்காவுக்கு வருவது தான் தனியாக ஏறுவதற்காக இல்லை, பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைப்பதற்காக. பேத்திக்கு உயரம் போதவில்லை என்று வாசலில் நிறுத்தினால் அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை. தாத்தாவின் கழுத்து தாங்காத அளவுக்குத் தோள்பட்டைத் தடுப்பில் தலை இடித்தாலும் அதே கதைதான். நான் இந்தத் திட்டத்தில் முதலில் எழுதிவைக்கும் நிபந்தனை 48 அங்குலம், மடிமேல் இறங்கும் கம்பி மட்டும், தலைகீழ் வேண்டாம் என்பதுதான். வடிவமைப்பாளர் இதற்குள் எதை வேண்டுமானாலும் செய்யட்டும்.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன எழுதுவேன்? மரச் சட்டகம். தடத்தில் அதிக அழுத்தம் விழும் பள்ளங்களிலும் வளைவுகளிலும் எஃகு. மற்ற இடங்களில் மரம். இந்தக் கலவை இப்போது பரிசோதனை இல்லை, பல பூங்காக்களில் ஓடுகிறது. குலுக்கல் குறையும், பராமரிப்புச் செலவும் குறையும். மரத்தின் இரைச்சலும் லேசான அதிர்வும் மிச்சம் இருக்கும். சங்கிலி ஏற்றம் இருக்கட்டும். ஏறும்போது கேட்கும் அந்த டக் டக் சத்தம், வண்டி பின்னால் சரியாமல் தடுக்கும் கொக்கி பற்களில் விழும் சத்தம். இன்று அதைச் சத்தமே இல்லாமல் செய்ய முடியும், பலர் செய்கிறார்கள். உங்கள் கோஸ்டரில் சத்தம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பயம் அங்கேதான் தொடங்குகிறது.

இளைஞர்களுக்கான இடம் ஓடைக்கரை. பழைய கோஸ்டர் ஓடையை என்ன செய்தது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் ஓரமாகத் திரும்பி வந்திருக்கும். அன்றைய மரத் தடத்தால் அதற்கு மேல் சாய முடியாது. இன்று எஃகுத் தடத்தில் வண்டியைப் பக்கவாட்டில் 90 பாகைக்குச் சாய்த்து, தண்ணீருக்கு மேலே நீட்டி, திருப்பிக் கொண்டுவர முடியும். அந்த ஒரே ஒரு இடத்தில் உங்கள் வயதுக்காரர்கள் தங்கள் முழுத் திறமையையும் காட்டட்டும். இதுவரை யாரும் அந்த ஊரில் அனுபவிக்காத ஒன்றாக அது இருக்க வேண்டும். இன்னும் முப்பது வருடம் கழித்து யாராவது ஏங்கினால் இந்த வளைவை நினைத்து ஏங்க வேண்டும்.

பெயரைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். நீங்கள் எடுத்த பேட்டிகளில் எல்லோரும் சொன்ன அந்த ஒன்றிரண்டு இடங்கள் இறுதி வரைபடத்தில் இருந்தால் பழைய பெயரை வையுங்கள். செலவு குறைக்கும் கட்டத்தில் அவற்றை வெட்டிவிட்டார்கள் என்றால் புதிய பெயர் வைத்துவிடுங்கள். இந்த நிபந்தனையை அறிக்கையிலேயே எழுதிவிட்டால் நல்லது. விளம்பரத் துறை டி-ஷர்ட் அச்சடித்த பிறகு யாராலும் பெயரை மாற்ற முடியாது.

அறிக்கையில் முப்பது வருடத்துக்கான ஆட்களையும் சேருங்கள். மரம் என்றால் தச்சர் குழு வேண்டும், குளிர்காலம் முழுக்க வேலை வேண்டும். பழையதைப் பிரித்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். அன்று ஏன் பிரித்தார்கள் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கி, இந்த முறை அது எப்படித் தீர்கிறது என்று ஒரு பக்கம் எழுதாவிட்டால், நிர்வாகக் குழுவில் யாராவது ஒருவர் அதைக் கேட்டு மொத்தத் திட்டத்தையும் நிறுத்திவிடுவார்.

கிடங்கில் இருக்கும் வண்டியைப் பற்றி. ஆல்டன் டவர்ஸ் தன் கார்க்ஸ்குரூ கோஸ்டரை 2008-இல் மூடியபின், அதன் திருகு வளைவை எடுத்துப் பூங்கா வாசலில் நிறுத்தி வைத்தது. தடத்துக்கு அது பொருந்தும். தூரத்திலிருந்து பார்க்கிற பொருள் அது. வண்டி உட்காருகிற பொருள். வாசலில் வைத்தால் போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். புதிய கோஸ்டரின் வரிசையில், நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆட்கள் காத்திருந்து சலிக்கும் இடத்தில் வையுங்கள். கம்பியைத் தூக்கி உள்ளே உட்கார விடுங்கள். உயரம் போதாத பிள்ளைகளும் அதில் உட்காரலாம். ஆனால் அதற்கு முன்னால் பெயின்டைச் சோதிக்கக் கொடுங்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். சுரண்டித் திரும்ப அடிக்கும் வேலையைப் பூங்கா ஆட்களிடம் விடாமல், ஈயப் பெயின்டைக் கையாள உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள். அப்படி அடிக்கும்போது ஒரு பக்கப் பலகையை மட்டும் பழைய நிறத்திலேயே, மேலே தெளிவான பூச்சு போட்டு, விட்டுவைக்கச் சொல்லுங்கள்.